எலிவேஷனில் வைத்த டிஷ்

எங்கள் வீட்டை முன்னால் நின்று பார்ப்பவர்கள், உள்ளே நான்கு அறையாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு உருண்டைத் தூண்கள், தூண்களின் தலையில் தாமரை, அதற்கு மேல் இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, அதன் விளிம்பில் மாங்காய் மாங்காயாகப் பூவேலை. கதவைத் திறந்தால் ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் ஒரு பாத்ரூம். அவ்வளவுதான். பக்கவாட்டில் போனால் பூசாத ஹாலோ பிளாக் சுவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் எல்லா வீடும் ஏறக்குறைய ஒரே அளவு. முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டுக்கொண்டு நிற்பது எங்கள் வீடு ஒன்றுதான்.

நான் கொத்தனார். அதிலும் எலிவேஷன் வேலைக்காரன். வீட்டின் முகப்பைத்தான் எங்கள் தொழிலில் எலிவேஷன் என்போம். கட்டடம் முழுவதையும் வேறு யாராவது கட்டியிருப்பார்கள். கடைசியில் தூணுக்கும் வளைவுக்கும் பூவுக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். இங்கிலீஷில் எனக்கு முப்பது வார்த்தை தெரிந்தால் அதிகம். எல்லாம் சிமெண்டும் கம்பியும் சேர்ந்த வார்த்தைகள். அவற்றில் நான் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய ஒரே வார்த்தை எலிவேஷன். மனிதர்களிடம் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. புது வீட்டுக்காரர் வந்து நின்றால் கரணையைப் பார்த்துக்கொண்டே, "எலிவேஷன் எப்டி வேணும் சார்?" என்று கேட்பேன். அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

என் வீட்டு எலிவேஷனுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. வாசல்படி வெறும் சிமெண்டாக இருந்தது. ஒரு வேலையில் மிச்சமான பளபளப்பு டைல்ஸைக் கொண்டுவந்து படியில் பதித்தேன். பதிக்கும்போதே என் மனைவி, "வழுக்கும்யா" என்றாள். முகம் தெரிகிற மாதிரி பளபளக்கிறது, அது இவளுக்குத் தெரியவில்லை, வழுக்குமாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆடி மாதம் ஒரு சாயங்கால மழையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, நனைந்த செருப்போடு அந்தப் படியில் கால் வைத்தாள். வலது கால், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வழியில் ஆட்டோவில் அவள் என்னைத் திட்டவில்லை. "பளபளன்னுதான்யா கீது" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரு லைனில் நாற்பது பெண்கள். கை அதுபாட்டுக்கு அட்டைப்பெட்டி மடிக்க, வாய் எட்டு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவள் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை ஹாலில் கட்டிலில் படுத்திருந்தாள். எதிர் வீட்டு அக்கா இட்லிக் கடை வைத்திருப்பவர். நடுவில் இரண்டு தடவை வந்து, தோள் கொடுத்து பாத்ரூமுக்கு அழைத்துப்போய்விட்டு, அடுப்பில் ஈடு வைத்திருக்கிறேன் என்று ஓடிவிடுவார். செல்போனில் ஒரு நாளைக்குக் கொடுக்கிற நெட், நாஷ்டா முடிவதற்குள் தீர்ந்துவிடும். டிவி இருந்தது. ஆனால் தெருவில் கால்வாய் தோண்டியபோது கேபிள் ஒயர் அறுந்து போய் மாதக்கணக்காகிவிட்டது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

நான்காவது நாள் சாயங்காலம் நான் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததும் சொன்னாள்: "காலைல 'வரேன்'ற. சாயங்காலம் 'வந்துட்டேன்'ற. நடுவுல நான் செவுத்தப் பாத்துக்கினு கீறேன். இந்த ஊட்ல ஒரு கொரலாச்சும் கேக்க வேணாமாய்யா?"

கேட்க வேண்டும்தான். அந்தக் குரல் என்னுடையதாக இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டிவியைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது.

கேபிள் ஆபீசுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அங்கே நான்கைந்து பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று எதிரில் நின்றேன். அவர்கள் போவதற்குள் நான் வந்துவிட்டேன். இதைக் கேள்விப்பட்ட என் மைத்துனர், வள்ளூர் மின்நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், தன் வீட்டில் சும்மா கிடந்த டிஷ் தட்டையும் பெட்டியையும் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். இலவச சேனல் வருகிற டிஷ். "மாட்டினா எடுக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு, மாட்டுவதற்கு மட்டும் நிற்காமல் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

என்ன உயரத்தில் மாட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிவி என்றால் உயரம்தான். நாங்கள் வளர்ந்த காலத்தில் மீன்முள் மாதிரி ஆன்டெனா வைப்பார்கள். சென்னை ஸ்டேஷன் எங்களுக்குத் தூரம். யார் வீட்டுக் குழாய் பனைமரத்துக்குப் போட்டியாக நிற்கிறதோ அவர் வீட்டில்தான் படம் தெளிவாகத் தெரியும். மற்ற வீடுகளில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்தக் கணக்குப்படி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் பத்தடி இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் டிஷ்ஷைக் கட்டினேன்.

மொட்டைமாடியில் நிற்பது என் மாதிரி ஆளுக்குச் சந்தையில் நிற்பதைப் போல. சுற்றிலும் எல்லா மாடியிலும் யாராவது துணி காயவைப்பார்கள். நான் ஏணியில் நின்று டிஷ்ஷைத் திருப்ப வேண்டும், கீழே ஹாலில் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவியிடம் "வந்துச்சா?" என்று கேட்க வேண்டும். கேட்டேன். என் குரல் ஏணியின் இரண்டாவது படியைத் தாண்டி இறங்கவில்லை.

எதிர் மாடியில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த இட்லிக் கடை அக்கா இதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, ரகசியம் பேசிக்கினு கீற? நான் கேக்கறேன் இரு. தே! வந்துச்சாடி?"

"இல்லக்கா!" என்று கீழேயிருந்து என் மனைவி.

"இல்லியாம் மேஸ்திரி!"

ஒவ்வொரு திருப்புக்கும் இப்படியே போயிற்று. நான் அக்காவுக்குத் தலையாட்டுவேன். அக்கா கத்துவார். மனைவி கத்துவாள். சற்று நேரத்தில் பக்கத்து மாடிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். வீதியில் சைக்கிளில் போன ஒரு பெரியவர்கூட இறங்கி அண்ணாந்து பார்த்து, "இன்னும் மேல தூக்கு நைனா, அப்பதான் எடுக்கும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அது மட்டுமல்ல, ஒருத்தர் சொல்லி மறுத்துப் பேச எனக்கு வராது. இன்னொரு பத்தடிக் குழாயை எடுத்துச் சேர்த்தேன். யாரோ "இன்னும் கொஞ்சம்" என்றார்கள். அதற்கும் இரண்டடித் துண்டு ஒன்றைச் சேர்த்தேன். மதியத்துக்குள் எங்கள் டிஷ் தெருவிலேயே உயரமான பொருளாகிவிட்டது. இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை போல, இறங்கிவிட்டன.

மூன்று மணிக்கு ஆடிக் காற்று ஆரம்பித்தது. குழாய் சாமி வந்த மாதிரி ஆடியது. தட்டு அதுபாட்டுக்குத் திரும்பிக்கொண்டு வந்து, கடைசியில் மேற்கே பார்த்து நின்றது. மனைவி ஜன்னல் வழியாக அதன் நிழலைப் பார்த்துவிட்டு, "யோவ், அது நமக்குப் படம் காட்டாது. ரயில்வே ஸ்டேஷனுக்கு எந்த வண்டி வருதுன்னு பாத்துக்கினு கீது" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் சிரித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது. விடிந்தால் திங்கட்கிழமை, மறுபடி தனியாகக் கிடக்க வேண்டுமே என்றுதான்.

திங்கட்கிழமை வேலை இடத்தில், அக்கா கொடுத்த நம்பருக்கு போன் செய்தேன். பஜாரில் டிஷ் மாட்டுகிறவர், முப்பது வயது இருக்கும். போனில் பேசுவதென்றால் எனக்கு வேர்த்துவிடும். முன்னாலேயே மனப்பாடம் செய்துகொண்டு பேசுவேன்.

"டிஷ் மாட்டணும். எத்தன அடி ஒயரத்துல வைக்கணும்?"

"இந்த வாரம் ஃபுல்லா வேல கீதுண்ணா. நீங்களே வச்சிக்கலாம். ஒயரம்லாம் ஒரு மேட்டரே இல்ல. தரையில வச்சாகூட எடுக்கும்."

"தரையிலயா?"

"ஆமாண்ணா. எலிவேஷன்தான் முக்கியம். எலிவேஷன் மட்டும் கரெக்டா இருக்கணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தெரியாத வார்த்தையாக இருந்திருந்தால் வெட்கத்தை விட்டு ஒரு தடவை கேட்டிருப்பேனோ என்னவோ. இது தெரிந்த வார்த்தை. முப்பது வார்த்தையில் என்னுடைய வார்த்தை. வாழ்க்கையில் முதல் தடவையாக போனில் நானாக ஒரு வரி அதிகமாகப் பேசினேன்.

"எலிவேஷன்லாம் நம்முளுது சூப்பரா இருக்கும்ப்பா."

"அப்ப வேல முட்ஞ்சிச்சு போங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

குழாயை இறக்கினேன். இப்போது யோசித்தால், டிவிக்கு வீட்டின் அழகு எதற்கு என்று எந்த மனிதனுக்கும் ஒரு கேள்வி வர வேண்டும். எனக்கு வரவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. எத்தனையோ வீட்டு முகப்பில் டிஷ் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இதுதான் காரணம் போலிருக்கிறது, வீட்டின் முகத்தில் வைத்தால்தான் எடுக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படித்தவர்கள் ஏதோ கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஆரம்பித்தேன். கதவுக்கு மேலே, சன்ஷேடுக்குச் சரியாகக் கீழே, கோயில் சுவரில் சாமி நிற்கிற மாடம் இருக்குமே, அதைப் போல ஒரு மாடம் கட்டினேன். மேலே வளைவு. வளைவைச் சுற்றி தாமரை இதழ். நடுவில் டிஷ். தட்டைப் போல்ட்டில் முடுக்கி, அசையாமலிருக்க அடியில் கலவை போட்டு இறுக்கினேன். தட்டின் முதுகில் ஒரு இரும்புப் பட்டையில் கோடு கோடாக நம்பர் போட்டிருந்தது. எதற்கோ அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அதில் கலவை ஒட்டக் கூடாதே என்று பேப்பர் சுற்றி வைத்தேன். அந்த அளவுக்கு ஜாக்கிரதையாக இருந்தேன்.

உள்ளேயிருந்து மனைவி, "இன்னாய்யா பண்ற? கரண சத்தம் கேக்குது. டிஷ்ஷுக்கு எதுக்குய்யா சிமெண்டு?" என்றாள்.

"எலிவேஷன்" என்றேன்.

தொழில் விஷயம் என்று அவள் விட்டுவிட்டாள். அவளுக்குக் கட்டிலிலிருந்து வாசல்படிதான் தெரியும், வாசலுக்கு மேலே தெரியாது.

இட்லிக் கடை அக்கா கடையை மூடிக்கொண்டு வந்து பார்த்தார். பிறகு, "யாரு மேஸ்திரி சாமி?" என்று கேட்டார்.

"டிஷ்ஷுக்கா."

"தெரிது. வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கணுமா, இல்ல சும்மா கும்ட்டா போதுமா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவருக்குப் பொறாமை என்றுதான் எனக்குப் பட்டது. தெருவில் வேறு யாருக்கு இப்படி ஒரு எலிவேஷன் இருக்கிறது?

வியாழக்கிழமை கலவை இறுகியதும் ஒயரைக் கொடுத்து டிவியைப் போட்டோம். சிக்னல் இல்லை என்று எழுதி வந்தது. அந்த எழுத்தை மட்டும் தெளிவாகக் காட்டியது. அரை மணி நேரம் பார்த்தோம். மனைவி ரிமோட்டைக் கட்டிலில் வைத்தாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல முடியாதுய்யா. ஆட்டோ வச்சிக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். மீதி நாலு வாரம் அங்கயே கெடக்கறேன்."

அவளுடைய அம்மா வீடு சோழவரத்துக்குப் பக்கத்தில். அங்கே அவளுக்கும் அவளுடைய அண்ணிக்கும் ஆகாது. அதைச் சொன்னேன், அதாவது "அண்ணி…" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா. அவகூட சண்டையாச்சும் போடலாம் இல்ல? இங்க சண்டைக்கும் ஆள் இல்ல. நேத்து அந்தப் பல்லிகிட்ட பேசினேன். அதுகூட ரெண்டு தடவ பதில் சொல்லிச்சு."

அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் பல்லியும்தான். எனக்குப் பேச வராது என்பதற்காக அவள் இத்தனை வருஷம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. பயந்துவிட்டேன். பயந்த மனிதன் என்ன செய்ய வேண்டும்? டிஷ்காரருக்கு மறுபடி போன் செய்ய வேண்டும். நான் வேறு ஒரு முடிவுக்கு வந்தேன். எலிவேஷன் கரெக்டாக இருந்தால் எடுக்கும் என்றார். எடுக்கவில்லை. அப்படியென்றால் என் எலிவேஷன் கரெக்டாக இல்லை. தொழிலில் எங்கோ குறை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வேலைக்கு லீவு போட்டு, மாடத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கிளிகள் வைத்தேன். வலது பக்கக் கிளியின் மூக்கு சற்று பெரிதாகப் போய்விட்டது என்று தோன்றியதால் அதை உடைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். ஒருவேளை அதுதான் தடுக்கிறதோ என்று. இந்த வரியை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். வளைவுக்குத் தங்கக்கலர் பெயிண்ட் அடித்தேன். இரண்டு நாளும் அவள் உள்ளே, நான் வெளியே. நடுவில் ஒரு சுவர். லீவு போட்டு வீட்டில் இருந்த இரண்டு நாளில், அவள் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. கிளிக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் என் போனை வாங்கினாள். "நீ பேசினது போதும்" என்று சொல்லிவிட்டு டிஷ்காரரைக் கூப்பிட்டாள். கால் உடைந்த கதை, கம்பெனி கதை, பல்லி கதை எல்லாம் சொல்லி, அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் விசாரித்து, ஐந்து நிமிஷத்தில் மறுநாள் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லவைத்துவிட்டாள்.

அவர் சொன்னபடி வந்தார். பைக்கை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகப்பைப் பார்த்தார். ஹெல்மெட் கையிலேயே இருந்தது.

"அண்ணா… டிஷ் எங்க?"

கையைக் காட்டினேன்.

"நடுவுல, கிளிக்கு நடுவுல கீதே, அதுவா?"

"நீங்கதான் எலிவேஷன் கரெக்டா இருக்கணும்னீங்க."

"சொன்னேன்…" என்று இழுத்தார். மாடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. பைக் சீட்டில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்து மறுபடி சிரித்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து மனைவி, "இன்னாப்பா ஆச்சு? எனக்கும் சொல்லுங்கப்பா!" என்று கத்தினாள்.

ஏணியில் ஏறி, தட்டின் முதுகில் நான் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்து, நம்பர் போட்ட பட்டையைக் காட்டினார். "இதாண்ணா எலிவேஷன். தட்டு எவ்ளோ அண்ணாந்து பாக்கணும்னு ஒரு கணக்கு. நம்ம ஏரியாவுக்கு அந்தச் சேட்டிலைட்டு கிட்டத்தட்ட தலைக்கு மேலயே கீது. கொஞ்சம் தென்கிழக்கா சாஞ்சா மாதிரி. இது வானத்தப் பாக்கணும். நீங்க அது தலைக்கு மேல சன்ஷேடக் கொட மாதிரி புடிச்சிக்கினு கீறீங்க."

இதைக் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது: கரணைச் சத்தம், சிமெண்டு, எலிவேஷன் என்று நான் சொன்ன ஒரே பதில். "என்னைத் தூக்கிக்கினு வாங்க, நான் பாக்கணும்" என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, டிஷ்காரரும் நானுமாக வாசலுக்கு வெளியே தூக்கிக்கொண்டு வந்து வைத்தோம். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவள் வெயிலைப் பார்த்தது அன்றுதான். ஆனால் அவள் பார்த்தது கிளியை.

"அந்த மூக்கு எதுக்குய்யா அம்மாம் நீளம்?" என்றாள்.

"உடைச்சி சின்னது பண்ணேன்."

அதற்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு போட்ட கால் ஆடியது. கையால் காலைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுய்யா, வலிக்குதுய்யா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். இட்லிக் கடை அக்கா கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

உளியை எடுத்து நான் வைத்த கலவையை நானே உடைத்து டிஷ்ஷை எடுத்தேன். தாமரை இதழ் இரண்டு போயிற்று. கிளிகள் தப்பித்தன. டிஷ்காரர், "இப்ப சொல்லுங்க, எவ்ளோ ஒயரத்துல வைக்கட்டும்? மேல வைக்கட்டுமா?" என்று கேட்டார். நான் வழக்கம் போல யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"என் கண்ணுக்குத் தெரியற மாதிரி வையிப்பா. இவ்ளோ நாளா இவரு பண்றது ஒண்ணியும் என் கண்ல படல. சத்தந்தான் கேக்குது."

வாசலுக்குப் பக்கத்தில், சன்ஷேடு மறைக்காத இடத்தில், மிச்சம் கிடந்த ஹாலோ பிளாக்கை மூன்று வரிசை அடுக்கி, அதன் மேல் டிஷ்ஷை வைத்தார். தரையிலிருந்து இரண்டடி. நாற்காலியில் உட்கார்ந்தால் கை எட்டும். மாடியில் இருபத்தி இரண்டு அடிவரை ஏறிய வேலை இரண்டடியில் வந்து நின்றது. அவர் தட்டை அண்ணாத்திப் பிடித்து, அரை விரல் அப்படி, அரை விரல் இப்படித் திருப்பினார். உள்ளேயிருந்து யாரோ ஒரு பெண் செய்தி வாசிக்கிற குரல் வந்தது.

"வந்துச்சி!" என்று கத்தியது அக்கா. ஆட்டோவுக்குச் சொல்லியனுப்புவதைப் பற்றி மனைவி அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆனால் இரண்டடி உயரத்தில் இருக்கும் ஒரு பொருளைத் தெருவிலிருக்கும் எல்லா ஆட்டுக்கும் எட்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஒரு கிடா வந்து முதுகு சொறிந்துகொண்டது. படம் போய்விட்டது. அவள் நகர்ந்து நகர்ந்து நாற்காலியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, தட்டைத் தானே திருப்பிப் பார்த்திருக்கிறாள். உள்ளே டிவியில் படம் வருகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த நேரத்துக்கு வேனிலிருந்து இறங்கி நடந்து வந்த அவளுடைய லைன் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கிறாள். மறுநாள் கிடா இல்லை, கோழி. வந்த பெண்கள் மூன்று பேர். அதற்கு மறுநாள் ஒன்றும் இடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் படம் போயிருந்தது, ஆறு பேர் வந்திருந்தார்கள்.

நான் வேலை முடிந்து வருகிற நேரமும் அதுதான். தெருமுனையிலேயே சத்தம் கேட்கும்.

"இன்னும் கொஞ்சம் அண்ணாத்துடி!"

"போதும் போதும், இன்னாடி கழுத்து ஒடியற மாதிரி!"

"எலிவேஷனப் பாத்து! எலிவேஷன் கரெக்டா இருக்கணும்னு மேஸ்திரி சொல்லிக்கீறாரு!"

அதற்கு ஒரு பெரிய சிரிப்பு. என் கதை லைன் முழுவதும் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். நாற்பது பேர்! என் ஆயுசில் நான் மொத்தமாக அத்தனை பெண்களிடம் பேசியிருக்க மாட்டேன். வாசலை அடைத்துக்கொண்டு ஆறு பேர் நிற்கும்போது, நடுவில் புகுந்து "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லி உள்ளே போகும் தைரியம் எனக்குக் கிடையாது. ஒவ்வொருத்தியும் கிளியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். அதனால் எங்கள் வீட்டைத் தாண்டி, யாரோ வழிப்போக்கன் மாதிரி நேராக நடந்து, தெருக்கோடி டீக்கடையில் நின்றுவிடுவேன். அங்கிருந்து பார்த்தால் என் மனைவி தெரிவாள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் ரிமோட்டும் இன்னொரு கை காற்றிலுமாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். டிவியில் என்ன ஓடுகிறது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான்காவது வாரம் ஒரு நாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது டிஷ்காரர் பைக்கில் வந்தார். என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"அண்ணா, ஆடு கோழில்லாம் இடிக்குதாமே. வாரத்துக்கு நாலு வாட்டி சிக்னல் போனா பேஜாருண்ணா. நாளைக்கு ஒரு சின்ன பைப்பு போட்டு மாடி மேல தூக்கி வுட்டுடறேன். அப்புறம் எவனும் தொட மாட்டான். எவ்ளோ ஒயரம் வேணும், நீங்களே சொல்லுங்க."

"வேணாம்பா!" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. குரல் அவ்வளவு சத்தமாக வந்துவிட்டது.

"ஏண்ணா?"

"அதே ஒயரத்துல இருக்கட்டும். அதான் சரி."

அவர் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார். அங்கே யாரோ தட்டைத் திருப்ப, யாரோ உள்ளேயிருந்து "போச்சு, போச்சு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் புரிந்ததா இல்லையா தெரியாது. "சரிண்ணா" என்று பைக்கை உதைத்தவர், மறுபடி நிறுத்திக் கேட்டார்.

"நீங்க ஊட்டுக்குப் போகலியா?"

"கூட்டமா கீது."

"உங்க ஊடு தானண்ணா?"

"அதாம்பா" என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ கேட்டேன்.